வெயில் கேட்காத புத்தகங்கள்

எங்கள் வீட்டில் ஜாம், சட்னிப் புத்தகங்கள் ஒரு அலமாரித் தட்டு நிறையச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், வீடு வடக்குப் பார்த்து இருப்பதுதான். தென்னாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தில்லியில் ஒரு குளிர்காலத்தையாவது கழித்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஜனக்புரியில் அந்த வீட்டை வாங்கியது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஏப்ரல் மாதம். என் மனைவி மே மாதம் என்பாள். மேயில் குடிபோனோம், பேசி முடித்தது ஏப்ரலில். மாதத்தை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உண்டு. டிசம்பரில் பார்த்திருந்தால் அந்த வீட்டை வாங்கியே இருக்கமாட்டோம்.

அதுவரை கரோல் பாக்கில் ஒரு மாடிப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். தலைக்கு மேல் திறந்த மொட்டை மாடி. ஜனக்புரித் தரகர் ஒரே சந்தில் எதிரெதிராக இரண்டு வீடுகளைக் காட்டினார். ஒன்று இரண்டாம் மாடி, தெற்குப் பார்த்தது, மொட்டை மாடியும் அதற்கே சொந்தம். மற்றது முதல் மாடி, வடக்குப் பார்த்தது. தெற்குப் பார்த்த வீட்டின் வாசலில் என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தெக்கு வாசலா? எங்க ஊர்ல சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் குடி போவ மாட்டாவ" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். தரகரிடம் நாகரிகமாக, "தூப் பஹுத் ஆத்தீ ஹை" என்றாள். வெயில் நிறைய வருகிறதாம்.

தரகர் திகைத்துப் போனார். "பாபிஜி, அந்த வெயிலுக்காகத்தானே தில்லியில ஜனங்க அடிச்சுக்கிறாங்க! சர்தி வரட்டும், அந்தக் குளிர்ல என்னை நினைச்சுப்பீங்க."

தெற்குப் பார்த்த அந்த வீட்டில் ஏப்ரல் மாத வெக்கை பால்கனிக் கம்பியைத் தொடவிடாமல் தகித்துக்கொண்டிருந்தது. வடக்குப் பார்த்த வீட்டில் தரை ஜில்லென்று இருந்தது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வெயில் என்பது ஒதுங்க வேண்டிய ஒன்று என்றே வளர்ந்தவர்கள். நிழலான வீடு கிடைத்தால் வேறென்ன வேண்டும்? அந்தக் கோடை முழுவதும் அவள் எதிர்வரிசையைப் பார்த்து இரக்கப்பட்டாள். நாங்கள் வேண்டாமென்ற எதிர்வீட்டை ஒரு பஞ்சாபிக் குடும்பம் வாங்கியிருந்தது. அந்த அம்மாளுக்கு என் மனைவியைவிடப் பத்து வயது கூட இருக்கும். பேச்சும் சிரிப்பும் சந்து முழுக்கக் கேட்கும்.

நவராத்திரி முடிந்ததும் வெயில் எங்களைக் கைவிட்டது. சூரியன் தெற்கே சாயச் சாய எங்கள் பால்கனியில் கடைசியாக இருந்த ஒரு கீற்றும் சுவரேறிப் போயிற்று. வீட்டின் முதுகு இன்னொரு வரிசை வீடுகளின் முதுகோடு ஒட்டியிருந்ததால் பின்பக்கத்துக்கும் வழியில்லை. எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடி மேல்வீட்டுக்காரருக்குச் சொந்தம். அவர் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவிக்கு ஊறுகாய் போடுவது பொழுதுபோக்கு அல்ல. கரோல் பாக்கில் அவள் போட்ட உப்பு எலுமிச்சை எங்கள் தெருவின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் போகும். சரோஜினி நகரிலிருந்துகூட ஆள் வந்து வாங்கிப் போவார்கள். புது வீட்டிலும் அக்டோபர் பிறந்ததும் எலுமிச்சை வாங்கி, நறுக்கி, உப்பிட்டு, ஜாடியில் போட்டாள். எங்களிடம் இருந்த தமிழ்ச் சமையல் புத்தகம் எந்த ஊறுகாயை எடுத்தாலும் ஒரே வாக்கியத்தில் முடியும்: நல்ல வெயிலில் வைத்து எடுக்கவும். வெயில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் எப்படிச் சாதம் வடிப்பது என்று யார் எழுதப் போகிறார்கள்?

தீபாவளிக்குப் பலகாரம் எடுக்கப் போனவள் ஜாடியைத் திறந்து பார்த்தாள். மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் மெத்தை போல விரிந்திருந்தது. இன்னொரு ஜாடியிலும் அதேதான். எதிர்வீட்டுப் பால்கனியில் காரட்டும் காலிஃப்ளவரும் டர்னிப்பும் கலந்த ஊறுகாய் ஜாடிகள், கடுகெண்ணெய் மினுங்க, வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"அவங்ககிட்ட கேட்டா ஒரு ஓரம் குடுக்க மாட்டாங்களா?" என்றேன்.

"குடுப்பாங்க. நான் கேக்க மாட்டேன்." ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இந்த வீட்டை வித்துருவோம்ங்க. மறுபடி கரோல் பாக்குக்கே போயிருவோம். ஒரு எலுமிச்சங்காயைக்கூட காப்பாத்த முடியாத வீடு ஒரு வீடா?"

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும், அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போவது போன்ற காரியமல்ல அது. இத்தனை வருட வேலையில் சேர்ந்ததெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தது. எனக்கு வீடு பிடித்தும் இருந்தது. ஆனால் விருப்பமில்லாதவளோடு ஒரு வீட்டில் எத்தனை வருடம் இருக்க முடியும்?

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகச் சந்தைக்குப் போய்விடுவேன். வரலாறு, பயணக் கதைகள், பழைய கெஸட்டியர்கள், இவைதாம் என் தேட்டம். எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதல் பக்கத்தில் இடமும் தேதியும் எழுதிவிடுவது வழக்கம். அந்த நவம்பரில், பொறியியல் பாடப் புத்தகக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு மெலிந்த ஆங்கிலப் புத்தகம் கையில் அகப்பட்டது. இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமப்புற மாதர் சங்கம் வெளியிட்ட ஜாம், சட்னி, ஊறுகாய்ப் புத்தகம். அட்டை இல்லை. சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலத்தில் அச்சானது என்று முன்னுரையிலிருந்து தெரிந்தது. பக்கங்களில் ஏதோ பழச்சாற்றின் பழுப்புக் கறைகள்.

திரும்பும் பஸ்ஸில் அதைப் படித்தேன். திலக் நகர் தாண்டும்போதுதான் ஒன்று உறைத்தது. புத்தகம் முழுவதிலும் வெயில் என்ற சொல்லே இல்லை. ஆப்பிள், பிளம்ஸ், பச்சைத் தக்காளி, பூசணி, எல்லாம் அடுப்பிலேயே வெந்து, சர்க்கரையிலும் வினிகர் எனும் காடியிலும் பதப்பட்டு, பாட்டிலுக்குள் போய்விடுகின்றன. மழையும் மூட்டமுமாக இருக்கும் ஊர்க்காரர்கள் இலையுதிர் காலத்தில் வேறென்ன செய்வார்கள்? இவர்கள் எல்லோரும் வடக்குப் பார்த்த வீட்டில் குடியிருப்பவர்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் இதை விளக்கினேன். அவள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"காடியில போட்ட பழமா? அதுக்குப் பேரு சட்னியா? அதைத் தொட்டு எதைத் திங்கது?"

"செஞ்சுதான் பாப்போமே."

"நீங்க படிங்க, நான் செய்யுதேன். கெட்டுப்போச்சுன்னா நீங்கதான் திங்கணும்."

சந்தை முழுக்க ஹிமாசல், காஷ்மீர் ஆப்பிள்கள் நிறைந்திருந்த நேரம். அடிபட்ட பழங்களாகப் பொறுக்கி மலிவாக வாங்கினேன். வெங்காயம், இஞ்சி, திராட்சை, வெல்லம். காடிக்குப் பழைய தில்லிக்குப் போய்க் கரும்புச் சிர்க்கா வாங்கி வந்தேன். காலி பாட்டில்களைப் பழைய சாமான் எடுக்கும் கபாடிவாலாவிடம் வாங்கினோம். நாங்களே அவருக்குப் போட்டிருந்த காப்பிப்பொடி பாட்டில்கள் சில அவற்றில் இருந்தன. பித்தளைப் பாத்திரம் ஆகாது என்று புத்தகம் எச்சரித்திருந்ததால் அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தாள். நான் சமையலறை வாசலில் முக்காலியில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"கரண்டியால கோடு இழுத்தா பாத்திரத்தோட அடி தெரியணும். கோடு உடனே மூடக் கூடாது."

"அல்வாப் பதம்னு சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு எதுக்கு இத்தனை வரி?"

சமையலறையே காடி வாசத்தில் மூச்சு முட்டியது. பாட்டிலில் போட்டு மூடியதும், பழுக்க ஒரு மாதம் விட வேண்டும் என்று படித்தேன். மறுநாளே திறந்து நக்கிப் பார்த்து, "ஆஸ்பத்திரி வாசம் அடிக்கி" என்று எட்டத்தில் தள்ளி வைத்தாள். நான் பாட்டில்களைச் சமையலறையை ஒட்டிய ஜன்னலில்லாத சின்ன அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். குடியரசு தின விடுமுறைக்குத் தோசை வார்த்தபோது ஒன்றைத் திறந்தோம். காடியின் குத்தல் அடங்கி, இஞ்சியும் வெல்லமும் ஆப்பிளும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைந்திருந்தன. அவள் முதல் தோசையை அதைத் தொட்டுச் சாப்பிட்டாள். இரண்டாவது தோசைக்கும் அதையே எடுத்தாள். மூன்றாவதற்கும்.

"நல்லாயிருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா இது ஊறுகா இல்ல. வீட்டை விக்கது விக்கதுதான்."

அந்த மாதர் சங்கப் புத்தகத்தை முன்பு வைத்திருந்த பெண்மணி ஓரங்களில் பென்சிலால் குறிப்புகள் எழுதியிருந்தார். ஒரு பூசணிச் சட்னிக்கு எதிரே, என் கணவர் இதைத் தொடவே இல்லை. ஒரு பிளம்ஸ் ஜாமுக்கு எதிரே, இரண்டாம் முறை பரவாயில்லை. இன்னொன்றுக்கு, அவர் தேவலை என்றார், பொய். இவற்றை நான் தமிழில் படித்துக் காட்டியபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். "எந்த தேசத்துல இருந்தா என்ன, புருசன்மாரு ஒண்ணுதான்." அன்றிலிருந்து அந்தப் பெண்மணி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. எதைச் செய்யுமுன்னும், "அந்தம்மா என்ன எழுதிருக்காவ, பாருங்க" என்பாள்.

பிறகு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு புத்தகம் வந்தது. ராணுவக் குடியிருப்பு ஒன்றின் அதிகாரிகளுடைய மனைவிமார் சேர்ந்து அச்சிட்ட, சுருள்கம்பி போட்ட புத்தகம் ஒன்று. அதில் எல்லாமே இருபது பேர் விருந்துக்கான அளவு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எழுதியவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் எழுதியதில் நம்பிக்கை இல்லை என்பது நடையிலேயே தெரியும். அவளுக்குப் பிடித்தது, பழம் பதப்படுத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையத்தின் இந்திக் கையேடு. மட்டமான தாள், மங்கலான அச்சு. ஆனால் ஜெல்லி இறக்கும் பதத்தைப் பற்றி அதில் எழுதியிருந்த தெளிவை நான் வேறெங்கும் படிக்கவில்லை: கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழாமல், இரண்டு சொட்டுகள் சேர்ந்து ஒரு தகடாக நழுவி விழ வேண்டும். சமையல் குறிப்பு எழுதுவது கடினமான உரைநடை. நல்ல நாவலாசிரியர்களே இந்த ஒரு வாக்கியத்தில் தடுமாறுவார்கள்.

கொய்யா ஜெல்லி முதல் முறை கலங்கிப் போயிற்று. வேகவைத்த கொய்யாவைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும், சாறு தானாகச் சொட்ட வேண்டும், பிழியவே கூடாது என்று எல்லாப் புத்தகங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. குளியலறைக் குழாயில் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். நான் குளிக்காமல் ஆபீஸ் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மூட்டை வற்றிச் சுருங்கிக் கிடந்தது.

"பிழிஞ்சிட்டியா?"

"லேசாத்தான். புளி கரைச்ச கைங்க இது. ஒரு மூட்டையைப் பிழியாம எப்படி விடுதது?"

கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய ஜெல்லி பழங்கஞ்சி நிறத்தில் உறைந்தது. அடுத்த ஆண்டு மூட்டையைக் கட்டிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்துப் பிளாக்குக்குப் போய்விட்டாள், கை அந்தப் பக்கம் போகாமலிருக்க. அந்த ஜெல்லி, விளக்குக்கு எதிரே பிடித்தால் மாதுளை நிறத்தில் ஒளிவிட்டது. அதன் மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, காற்றுப் புகாமல் மூடினோம். ஒரு பாட்டில் எதிர்வீட்டுக்கும் போயிற்று. அதன்பின் எது செய்தாலும் அங்கே ஒரு பாட்டில் போகும். பதிலுக்கு அங்கிருந்து காலிஃப்ளவர் ஊறுகாய் வரும். அதை அவள் ஒரு விரலால் தொட்டு நக்கி, "கடுகெண்ணெய்தான், ஆனா வெயில் பட்டிருக்கு பாருங்க, அதான் ருசி" என்று பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு வீட்டை விற்கும் பேச்சு வரும்.

வெங்காயம் கிடைக்காமல் தில்லியில் ஆட்சியே மாறிய அந்த ஆண்டில் சட்னிக்கு வெங்காயத்துக்குப் பதில் பேரீச்சம்பழம் போட்டுப் பார்த்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதன் பிறகு வெங்காயம் மலிந்தபோதும் பேரீச்சம்பழத்தை அவள் விடவில்லை.

பெரிய சாலையில் மெட்ரோவுக்காகத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒன்று. தசரா கழிந்த வாரம். எதிர்வீட்டு அம்மாள் மூச்சு வாங்க எங்கள் வீட்டுப் படியேறி வந்து உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எங்கள் ஒரு மாடியே அவருக்கு இப்படியென்றால், சொந்த வீட்டின் இரண்டு மாடியை எப்படி ஏறுவார்?

"பெஹன்ஜி, சுத்தி வளைக்காம சொல்றேன்" என்றார் இந்தியில். "டாக்டர் ரெண்டு மாடி ஆகாதுன்னுட்டார். இந்தத் தெருவை விட்டு எனக்கு வேற எங்கயும் மனசு போகாது. நீங்க என் வீட்டை எடுத்துக்கோங்க, உங்க வீட்டை எனக்குக் கொடுங்க. மொட்டை மாடியும் உங்களுக்குத்தான். விலை வித்தியாசம் எதுவும் வேணாம். உங்களுக்கு வெயில், எனக்கு என் கால்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடமாக வேண்டும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது, பையில் போட்டுக் கொடுப்பது போல வாசலுக்கே வந்திருந்தது. தெற்கு வாசல் என்ற பேச்சை அவள் எப்போதோ மறந்திருந்தாள்.

"போயி பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றாள் என்னிடம். அந்த அம்மாளிடம், "அச்சா, கல் ஆத்தே ஹைன்" என்று, நாளை வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பத்து மணி வெயில் அந்தப் பால்கனியில் முழங்கால் அளவுத் தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது. என் மனைவி அதில் போய் நின்றாள். முதுகைக் காட்டி நின்றாள், திரும்பி நின்றாள். ஊறுகாய் ஜாடிகளைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. முடிந்தது காரியம் என்று நினைத்துக்கொண்டேன். எதையெல்லாம் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்கிட ஆரம்பித்துவிட்டேன்.

டீ குடிக்கும்போது அந்த அம்மாள் வீட்டின் குறையையும் ஒளிக்காமல் சொன்னார். "மேல மொட்டை மாடிதானே, மே, ஜூன்ல கொதிக்கும். கூலர் இல்லாம முடியாது. சமையலறை அலமாரியில கையே வைக்க முடியாது. நீங்க கொடுக்குற ஜெல்லி, ஜாம் எல்லாம் ஹோலிக்குள்ள தின்னு தீத்துடுவோம் பெஹன்ஜி. ஒரு தடவை மிச்சம் வெச்சேன், மேல இருந்த மெழுகு உருகி ஓடி, உள்ள எல்லாம் நுரைச்சுப் போச்சு. பாவமாத்தான் இருந்தது, கொட்டிட்டேன்."

என் மனைவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"என்னைக்கு? எந்த ஜெல்லி?"

"அரே, அந்த சிவப்பு ஜெல்லிதான். ரெண்டு வருஷம் இருக்கும்."

வீட்டுக்கு வந்தவள் நேராகச் சின்ன அறைக்குள் போனாள். விளக்கைப் போட்டு, தரையிலும் பெட்டிகளின் மேலும் நின்ற பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஒவ்வொன்றிலும் நான் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். அதே ஆண்டுக் கொய்யா ஜெல்லி ஒன்று பின்வரிசையில் இருந்தது. கத்தி முனையால் மெழுகை நெம்பினாள். தெளிவாக, ஆடாமல், நிறம் கொஞ்சமும் மாறாமல் இருந்தது. விரலால் எடுத்து வாயில் வைத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

"ரெண்டு கோடை தாண்டியிருக்கு" என்றாள்.

"இருட்டான, குளுமையான இடத்தில வைக்கணும்னு எல்லாப் புத்தகத்திலயும் போட்டிருக்கே. முதல் வருஷமே படிச்சேன்."

"நீங்க எவ்வளவோ படிச்சீங்க, நான் எதைக் கேட்டேன்?" வாசல் நிலையில் சாய்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். அந்த அறையை அதுவரை அவள் ஒரு இடமாகவே மதித்ததில்லை. "அங்க போயிட்டா இதையெல்லாம் எங்கங்க வைக்கது?"

"அங்கதான் வெயில் இருக்கே. நீ எலுமிச்சங்கா போடலாம், நெல்லிக்கா போடலாம்..."

"ஊறுகா கடையில விக்கான்."

இதை அவள் வாயால் கேட்பேன் என்று நான் எதிர்பார்த்ததில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"காது கேக்கலையா? ஊறுகா கடையில கெடைக்கும். பேரீச்சம்பழம் போட்ட ஆப்பிள் சட்னி எந்தக் கடையில கெடைக்கும்? கொய்யா ஜெல்லி இந்த நிறத்துல எவன் விக்கான்?" கத்தி முனையைத் துடைத்தாள். "அவங்களுக்குக் கால் வலிக்கு, பாவம். ஆனா அதுக்கு நம்ம வீடுதான் வேணும்னு இல்லையே. நம்ம கீழ்வீட்டுக்காரர் நொய்டாவுக்குப் போறதா சொல்லிட்டிருந்தாருல்ல, அவர்கிட்ட நீங்க பேசுங்க. தரைத்தளம், ஒரு படிகூட ஏற வேண்டாம்."

அன்று சாயங்காலமே கீழ்வீட்டுக்காரரிடம் பேசினேன். எதிர்வீட்டு அம்மாளிடம் அவளே போய்ச் சொன்னாள். வேண்டாம் என்றதைக் கேட்டு அவர் முதலில் நம்பவில்லையாம். "வெயில் வேணாம்னு சொல்றவங்களை இப்பத்தான் பாக்குறேன்" என்றாராம். கீழ்வீட்டைப் பற்றிச் சொன்னதும் எழுந்து கட்டிக்கொண்டாராம். ஹோலிக்கு முன்பு அந்தக் குடும்பம் எங்களுக்குக் கீழே குடிவந்தது. காலிஃப்ளவர் ஊறுகாய் போட அவருக்கு வெயில் இல்லாமல் போனது என்னவோ உண்மை. நான் மாதர் சங்கப் புத்தகத்திலிருந்து காடியில் போடும் காலிஃப்ளவர்க் குறிப்பை இந்தியில் எழுதிக் கொடுத்தேன். "இது என்ன, ஆஸ்பத்திரி வாசம்?" என்று அவரும் கேட்டார். ஒரு மாதம் பொறுத்துத் திறக்கும்படி மேலிருந்து என் மனைவி அதட்டினாள்.

அதற்கு முன்பே, அந்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை, தச்சர் வந்தார். சின்ன அறையின் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை பலகை அடிக்க வேண்டும். எத்தனை தட்டு, எவ்வளவு இடைவெளி என்று அவர் என்னைத்தான் கேட்டார். என் மனைவி என்னை விலக்கிவிட்டு, ஒரு சட்னி பாட்டிலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அதன் மூடிக்கு மேல் நான்கு விரல் வைத்துக் காட்டினாள்.

"இத்னா, பையா. கை உள்ள போகணும். ஸ்க்ரூ பெரிசாப் போடுங்க, ரொம்ப வருஷம் நிக்கணும்."